கல் என்றால் நேற்று, கல் என்றால் நாளை

மொழிபெயர்ப்பு வேலையை நான் ஒன்பது வயதில் தொடங்கினேன். டிஸ்பென்சரியில், பெரியம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவே நின்றுகொண்டு. மொழிபெயர்க்க வேண்டியிருந்தது ஒரு வலியை.

எழுபதுகளில் டெல்லி கோல் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலரும் இந்த உத்தியோகம் பார்த்தவர்கள்தான். அப்பாக்கள் ஒன்பது மணிக்கெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு செக்ரடேரியட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் மந்திர் மார்க்கில், பழையவர்கள் வாயில் இன்னும் ரீடிங் ரோடு, மதராசி ஸ்கூலில் படித்து, தெருவில் ஹிந்தி கற்றார்கள். அம்மாக்களின் ஹிந்தி காய்கறித் தள்ளுவண்டியோடு நின்றுவிடும். ஆலு, பியாஜ், கித்னா, பஹுத் ஜாஸ்தி. குடும்பம் நடத்த அது போதும். நோயாளியாக இருக்கப் போதாது.

பெரியம்மா என்னிடம் சொன்னது இது: “மணிக்கட்டுல குடையறதுன்னு சொல்லுடா. முந்தாநேத்து ராத்திரி ஆரம்பிச்சுது. அப்பம் மாதிரி வீங்கித்து, தொட்டா சுட்டுது. நேத்து சாயங்காலம் பார்த்தா எதுவுமே நடக்காத மாதிரி இருக்கு.”

நான் டாக்டரிடம் சொன்னது இது: “தர்த் ஹை. கல் தா.”

ஹிந்தியில் ‘கல்’ என்றால் நேற்று. நாளை என்றாலும் அதே கல்தான். வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் பெரியம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். மெலிந்த, நல்ல மணிக்கட்டு. “ஆஜ்?” என்றார். “ஆஜ் நஹீ” என்றேன். எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். வெள்ளை மாத்திரை ஆறு எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு இல்லாத வலிக்கு அவர்தான் வேறு என்ன எழுதுவார்?

குடைச்சல் என்ற சொல்லை நான் வரிசையிலேயே தொலைத்துவிட்டேன் என்பது பின்னால்தான் உறைத்தது. தமிழில் வலி ஒன்றல்ல. குடைச்சல் எலும்புக்குள் இருப்பது. உளைச்சல் ராத்திரி முழுக்கப் புரளவைப்பது. கடுப்பு உழைத்த உடம்புக்கு வருவது. குத்தல், பிடிப்பு, இசிவு, விறைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி நேரம் உண்டு. எங்கள் பக்கத்துக் கிழவிகள் இதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மூட்டுகளைச் சுருட்டி முடக்கும் நோய்க்கு முடக்குவாதம் என்று பெயர் வருவதற்கு முன்பிருந்தே கிராமத்தில் சரவாங்கி என்ற பெயர் உண்டு. இத்தனை சொற்களும் கோல் மார்க்கெட் வந்து சேர்ந்ததும் ‘தர்த்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போயின.

பெரியம்மாவுக்கு வந்த முடக்குவாதம் புத்தகத்தில் இருப்பது மாதிரி வரவில்லை. புத்தகத்தில் அது ஒழுங்கான நோய். இரண்டு கைகளிலும் ஒரே சமயத்தில், சின்ன மூட்டுகளில் தொடங்கும். வலது ஆள்காட்டி விரல் வீங்கினால் இடது ஆள்காட்டி விரலும் கூடவே வீங்கும். காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத விறைப்பு. வந்தால் வாரக்கணக்கில் நகராது. 1987இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் வகுத்த அளவுகோலில், கைவிரல் மூட்டு வீக்கமும் இருபுற ஒழுங்கும் ஆறு வாரமாவது நீடித்திருக்க வேண்டும் என்றே இருந்தது. பெரியம்மாவின் வீக்கம் எதுவும் ஆறு நாள்கூட நின்றதில்லை. திங்கட்கிழமை ராத்திரி வலது மணிக்கட்டு, புதன்கிழமை காலையில் சுத்தம். இருபது நாள் கழித்து இடது தோள். அப்புறம் ஒரு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் முழங்கால். சாமி வந்தவள் மாதிரி வந்துவிட்டுப் போனது.

வீட்டிலும் அப்படித்தான் பேசினார்கள்.

கோகுலாஷ்டமிக்குப் பெரியம்மா கைமுறுக்கு சுற்றுவாள். எங்கள் ஸ்கொயரில் பத்து வீட்டுக்கு அவள் கைதான். அரிசிமாவை எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திரித்துத் திரித்து, துணியின்மேல் வட்டமாக விட்டுக்கொண்டே போவாள். ஒவ்வொரு திரிப்பும் ஒரே அளவு. ஏழு சுற்று முறுக்கில் எத்தனை திரிப்பு இருக்கும் என்று நான் ஒரு தடவை எண்ணப் போய், நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அந்த வருஷமும் சுற்றினாள். நான்கு நாள் கழித்து விடியற்காலையில் டி.எம்.எஸ். பால் பாட்டிலின் தகடு மூடியைக் கட்டைவிரலால் அழுத்தித் திறக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். பெரியப்பா ஷேவ் செய்துகொண்டே சொன்னார்: “போன வாரம் நூறு முறுக்கு சுத்தின கை. இன்னைக்கு மூடி தொறக்க முடியலையாம்.”

அவர் கெட்டவர் இல்லை. கண்ணால் கண்டதை வைத்துக் கணக்குப் போட்டார். கணக்கு சரி, விடை தப்பு.

இந்த வகை நோய்க்குப் பெயர் வைத்தவர் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த பிலிப் ஹென்ச். ரோசன்பர்க் என்ற சகாவோடு சேர்ந்து 1944இல் 34 நோயாளிகளை வைத்து எழுதினார். திடீரென்று ஒரு மூட்டில் வீக்கம் எழும், சில மணி நேரமோ சில நாளோ இருக்கும், தடம் வைக்காமல் போய்விடும், திரும்பி வரும். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாது. வந்த வழியே திரும்பி ஓடுவது என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லை எடுத்து, பாலிண்ட்ரோமிக் ருமாட்டிசம் என்றார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைக் குறிக்கும் அதே பாலிண்ட்ரோம். நமக்கு அது மாலைமாற்று. சீர்காழியில் சம்பந்தர் ஒரு பதிகத்தையே அந்தக் கட்டில் பாடிவைத்திருக்கிறார். தமிழில் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னால் நான் மாலைமாற்று வாதம் என்றுதான் வைப்பேன். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் நடுவில் ஒரு வலி, இரண்டு கடைசியிலும் ஒன்றுமில்லை. டாக்டரிடம் நாம் போய்ச் சேர்வது எப்போதும் கடைசியில்தான்.

இப்படித் தொடங்குகிறவர்களில் சிலருக்கு அது அப்படியே ஆயுள் முழுக்க வந்துபோய்க்கொண்டிருக்கும். சிலருக்குத் தானாகவே நின்றுவிடும். கணிசமானவர்களுக்கு, மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை என்று சொல்கிறார்கள், சில வருஷங்களில் முழு முடக்குவாதமாகத் தங்கிவிடும். யாருக்கு எது என்று ஊகிக்க இன்று சி.சி.பி. எதிர்ப்புரதச் சோதனை இருக்கிறது. அது புழக்கத்துக்கு வந்தது 2000ஐ ஒட்டித்தான். 1976இல் பெரியம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி நான். என் சாட்சியம் ‘கல் தா.’

அடுத்தது தாடை. ஒரு டிசம்பரில் வாயைத் திறந்து சாதம் வைக்க முடியவில்லை. காதுக்கு முன்னால் வலி. பல்வலி என்று எல்லோருமாக முடிவு செய்தோம். ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். மூன்றாம் நாள் வலி போய்விட்டது. பல் டாக்டருக்கு நல்ல பெயர். இரண்டு மாதம் கழித்து அதே வலி மறுபக்கம் வந்தபோது இன்னொரு பல்லைக் கொடுக்கப் பெரியம்மா தயாராகத்தான் இருந்தாள். தாடை ஒரு மூட்டு என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மூட்டு என்றால் முழங்கால், முழங்கை என்றே மனசு போகிறது. காதுக்குள் கேள்வி எலும்புகள் ஒன்றோடொன்று சேருமிடமும் மூட்டுதான். குரல்வளையில் குரல்நாண்களைத் திறந்து மூடுவதற்கு இரண்டு குட்டி மூட்டுகள் உண்டு. தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இரண்டின் நடுவிலும் மூட்டு உண்டு. முடக்குவாதத்துக்கு இந்த முகவரிகளெல்லாம் தெரியும். சிலரிடம் அது முதலில் தட்டும் கதவே இதில் ஒன்றாக இருக்கும்.

எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. டெல்லிக் குளிர். தஞ்சாவூர்க்காரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குவார்ட்டர்ஸில் தமிழ்ப் பெண்களுக்கு வந்த சகல மூட்டுவலியையும் அந்தக் குளிர் தலையில்தான் கட்டினோம். குளிரில் வலி கூடலாம். நோயைக் கொண்டுவருவது குளிரில்லை. உடம்பின் காவல்படையே மூட்டின் உள்ளுறையை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது, அதுதான் நோய். அது தஞ்சாவூர் வெயிலிலும் வரும். பெரியம்மாவுக்கு ஊரிலிருந்து முடக்கத்தான் கீரையைக் காயவைத்துப் பொட்டலமாக அனுப்புவார்கள். முடக்கு அற்றான் என்று பெயரிலேயே வாக்குக் கொடுக்கும் கீரை. தோசைமாவில் அரைத்துவிட்டுப் பச்சையாக வார்ப்பாள். தோசை நன்றாக இருக்கும். அதற்குமேல் அதன்மேல் பாரம் ஏற்றுவது கீரைக்குச் செய்யும் அநியாயம்.

நோய் பிடிபட்டது 1981இல். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளிப் பிரிவில், பயிற்சி டாக்டர் ஒரு பெண். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்துக்கு. எத்தனை மணிக்குக் கை திறக்கிறது? பெரியம்மாவை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என்னை விலக்கிவிட்டு அவளே பேசினாள், தன் தள்ளுவண்டி ஹிந்தியில். “பாஞ்ச் பஜே பந்த். சாத் பஜே கோலா.” ஐந்து மணிக்கு மூடியிருக்கு, ஏழு மணிக்குத் திறந்தது. இலக்கணம் தப்பு. ஆனால் என் ஐந்து வருஷ மொழிபெயர்ப்பைவிட அது நன்றாக வேலை செய்தது.

நான் அந்த ஐந்து மணியைப் பார்த்திருக்கிறேன். சமையலறை மேடையில் அலுமினிய வட்டாவில் வெந்நீர். பெரியம்மா இரண்டு கையையும் அதில் விட்டுக்கொண்டு நிற்பாள். கைக்குள் காலணா வைத்துப் பொத்திக்கொண்ட குழந்தை மாதிரி விரல்கள் மடங்கியிருக்கும். முதலில் சுண்டுவிரல் அசையும். அப்புறம் மோதிரவிரல். நடுவிரலுக்கு வரும்போது வெந்நீர் ஆறியிருக்கும், இன்னொரு சொம்பு ஊற்றச் சொல்வாள். அப்போது அதைக் குளிருக்கு இதமாக என்று நினைத்தேன். விடியலுக்குச் சற்று முன்னால் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருள் உச்சத்துக்குப் போகிறது, விறைப்பு அதனோடு கூடி வருகிறது என்று பிற்பாடு படித்தேன். டிஸ்பென்சரி திறக்கும்போது அது வடிய ஆரம்பித்திருக்கும். நோய் ஐந்து மணிக்கு, டாக்டர் பத்து மணிக்கு. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

அந்தப் பெண் இன்னொன்றும் செய்தார். அடுத்த தடவை வீங்கியதும் சீட்டு, வரிசை எதுவும் பார்க்காமல் நேரே வரச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து வீங்கியது. ஓடினோம். வீங்கிய மணிக்கட்டை அவர் இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்திப் பார்த்ததும், பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. கோல் மார்க்கெட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி, பெரியம்மாவைக் கேட்காமல் அரைக் கிலோ பாதுஷா வாங்கினார். அந்தத் தலைமுறையின் மன்னிப்பு அப்படித்தான் இருக்கும், காகிதப் பெட்டியில்.

அந்தக் கோல் மார்க்கெட் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1921இல் கட்டியது. பெயர்தான் கோல், வட்டம். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பட்டை. ஒரு பக்கமாக நின்று பார்க்கிறவனுக்கு வட்டம் என்றே தோன்றாது. சுற்றி நடந்தால்தான் தெரியும். இப்போது கடைகளைக் காலி செய்துவிட்டார்கள். அருங்காட்சியகம் ஆக்கப்போவதாகப் பல வருஷமாகப் பேச்சு.

முடக்குவாதமும் சுற்றி நடந்து பார்க்க வேண்டிய நோய். 1800இல் பாரிஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் லாந்த்ரே-போவே என்ற இளம் மருத்துவர் ஒன்பது பெண்களை வைத்து ஓர் ஆய்வேடு எழுதினார். மூட்டு வீக்கம் என்றால் தின்று கொழுத்த ஆண்களுக்கு வரும் கவுட் என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். இவர் பார்த்தவர்கள் ஏழைப் பெண்கள். இது வேறு என்றார். பெயர் மட்டும் அவராலும் மாற்ற முடியவில்லை, பலவீனர்களின் கவுட் என்றே எழுதினார். சரியான பெயர் வைக்க 1859 வரை, கேரட் என்ற ஆங்கில மருத்துவர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நோய் பெண்களுக்கு ஆண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வருகிறது. அதில் எத்தனை பேர் முதலில் சோம்பேறி, நாடகக்காரி என்று பெயரெடுத்தார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

நோயையாவது கணக்கெடுத்தார்கள். டெல்லிக்குத் தெற்கே பல்லப்கர் கிராமங்களில் எய்ம்ஸின் ஆனந்த் நாராயண் மாளவியாவும் குழுவினரும் வீடு வீடாகப் போய்க் கேட்டு 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம். ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர். எங்கள் குவார்ட்டர்ஸ் அளவுக்கு அதைக் குறுக்கிப் பார்த்தால், பெரியம்மா தனியாள் இல்லை. மற்றவர்கள் யார் என்றுதான் தெரியவில்லை. ஒருவேளை அவர்களுக்கு நோய் கைக்கே வராமல், கண்ணின் வெள்ளைவிழிச் சிவப்பாக வந்திருக்கலாம். விரல் மரத்துப்போவதாக, ராத்திரியில் கையை உதறவைப்பதாக வந்திருக்கலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு வந்தால் நம் நாட்டில் முதல் சந்தேகம் காசநோய்தான். சந்தேகப்படுவதில் தவறில்லை, இங்கே அதுதான் அதிகம். ஆனால் முடக்குவாதத்திலும் அப்படி நீர் கோக்கும், மூட்டு வீங்குவதற்கு முன்பேகூட. வயதானவர்களுக்குத் தோளிலும் இடுப்பிலும் மட்டும் தொடங்கினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவோம். 2016இல் டெல்லியைச் சிக்குன்குனியா புரட்டிப் போட்டபோது, ஊரே கையை மடக்க முடியாமல் நொண்டியது. மாதக்கணக்கில் மூட்டு வீங்கியவர்களில் காய்ச்சலின் மிச்சம் யாருக்கு, உண்மையான முடக்குவாதம் யாருக்கு என்று பிரிப்பது டாக்டர்களுக்கே சள்ளையாக இருந்தது.

நான் படித்ததில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது வேறொன்று. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் பின்னால் முடக்குவாதம் வந்தால், செயலிழந்த பக்கத்து மூட்டுகளை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. நல்ல கையைத் தின்னும், செத்த கையைத் தொடாது. தாம்சன், பைவாட்டர்ஸ் என்ற இருவர் 1962இல் இதை எழுதினார்கள். இருபுறமும் ஒழுங்காக வரும் நோய் என்ற இலக்கணத்தையே இது உடைத்துவிடுகிறது. நரம்புக்கும் இந்த அழற்சிக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றியது அவ்வளவு விஞ்ஞானமானது இல்லை. உழைக்கிற கையைத்தான் தேடிப் பிடிக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

1984 வாக்கில் பெரியம்மாவின் நோய் வந்துபோவதை நிறுத்திவிட்டுத் தங்கிவிட்டது. இப்போது புத்தகத்தில் இருந்த மாதிரியே இருந்தது, இரண்டு கையிலும். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தன. இனி யாரும் சந்தேகப்படவில்லை. எனக்கு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: விரல் கோணியபிறகுதான் அவளுக்கு வீட்டில் மரியாதை வந்தது. நடுவில் ஒருவர் கொடுத்த மூலிகைப் பொடியில் ஒரே வாரத்தில் எழுந்து ஓடினாள். முகம் பௌர்ணமியாக உப்பியதும்தான் அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புரிந்தது. மார்கழியில் திருப்பாவை பாடும் குரல் ஒரு வருஷம் கரகரத்து, அடுத்த வருஷம் எழும்பவே இல்லை. டெல்லிக் குளிர் என்றோம், மறுபடியும். குரல்வளையின் அந்தக் குட்டி மூட்டுகள்தான் என்று சொன்னவர் காது மூக்கு தொண்டை டாக்டர்.

தொண்ணூறுகளின் நடுவில் மெதோட்ரெக்ஸேட் ஆரம்பித்தார்கள். மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை. பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, கதர் கட்டியதால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.ஸோடு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து அது. புற்றுநோய்க்காகச் செய்தது. சுப்பாராவ் 1948இல் இறந்துவிட்டார். முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது 1988இல். இன்றும் இந்த நோய்க்கு முதலில் எடுக்கும் மருந்து அதுதான். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து. பெரியம்மா தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமைத் தாள்களில் எல்லாம் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தாள், வருஷம் முழுக்க, முன்கூட்டியே. அதற்கப்புறம் கோணல் கூடவில்லை. கோணியது நிமிரவும் இல்லை. பத்து வருஷம் முன்னால் கிடைத்திருந்தால் என்று அவள் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

2009இல் போனாள். முறுக்கு சுற்றும் துணி என்னிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது “நேத்து வீங்கியிருந்தது, இப்ப இல்லை” என்று சொன்னால், அடுத்த தடவை வீங்கும்போது, ராத்திரி இரண்டு மணியானாலும், போனை எடுத்துப் படம் பிடியுங்கள். விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. படத்தில் தேதி தானாகவே விழும். விடிந்ததும் விரல் முழுசாகத் திறக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். இரண்டையும் மூட்டுநோய் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். துணைக்குப் போனால், அவர்களையே பேசவிடுங்கள்.